வெள்ளியங்கிரிக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

எங்கள் ஊர் கோவைக்கு மேற்கே, ஆலாந்துறைப் பக்கம். தை முடிந்து மாசி பிறந்துவிட்டால் சிறுவாணி ரோட்டில் நடுராத்திரியிலும் வண்டிச் சத்தம் ஓயாது. அந்தச் சமயத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான்: "மலைக்குப் போலாம்னு இருக்கோம்ங்ணா, என்னென்ன எடுத்துட்டுப் போகோணும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

பதினோரு தடவை உச்சி வரை போயிருக்கிறேன். ஒரு தடவை நாலாவது மலையோடு திரும்பியிருக்கிறேன். அந்தத் திரும்பி வந்த தடவை கற்றுக்கொண்டதுதான் இதில் அதிகம்.

முதலில் மலையைப் பற்றிக் கொஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையில், கேரள எல்லையை ஒட்டி, நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் இருக்கும் காடு இது. தென்கயிலாயம் என்பார்கள். அடிவாரமான பூண்டி, கோவையிலிருந்து சுமார் 40 கி.மீ. அங்கே வெள்ளியங்கிரி ஆண்டவரும் மனோன்மணி அம்மனும் இருக்கிற கோயில் உண்டு. அதன் பக்கத்திலிருந்து தொடங்கும் பாதை ஏழு மலை தாண்டிப் போகிறது. ஏழாவது மலையின் உச்சியில், ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும் பெரும்பாறைகளின் இடுக்கில் சுயம்புலிங்கம். உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6000 அடி. நடை தூரம் ஒரு பக்கத்துக்கு 6 கி.மீ.க்குப் பக்கம்தான். "ஆறு கிலோமீட்டர்தானே, வாக்கிங்கே அவ்வளவு போறேன்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் முதல் மலையின் பாதியில் எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இது தூரக் கணக்கு இல்லை, உயரக் கணக்கு.

எப்போது போவது

நினைத்த நாளில் போக முடியாது. வனத்துறை அனுமதிப்பது பொதுவாகப் பிப்ரவரி முதல் மே வரை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் சிறுவாணிப் பக்கம் மழை கொட்டும், பாறை வழுக்கும், யானை நடமாட்டமும் அதிகம். சீசன் இல்லாத நாளில் யாரோ கூட்டிப்போகிறேன் என்று சொன்னால் போகாதீர்கள். அது வனச் சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், மேலே உங்களுக்கு ஒன்றென்றால் இறக்கிக்கொண்டு வர ஆள் இருக்காது.

சீசனுக்குள்ளும் நாள் பார்க்க வேண்டும். மகா சிவராத்திரியும் சித்ரா பௌர்ணமியும் கூட்டத்தின் உச்சம். பக்திக்கு அந்த நாட்கள்தான் என்பவர்கள் போகட்டும். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். படியில் நின்று மூச்சு வாங்கக்கூட இடம் இருக்காது, பின்னால் வருகிற ஆளின் அவசரம் உங்கள் கால்களுக்கு வந்துவிடும். சனி ஞாயிறையும் தவிர்த்துவிட்டு, மார்ச் மாதத்தில் ஒரு வாரநாள் பாருங்கள். பிப்ரவரியில் மேலே குளிர் நடுக்கும். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் கோடைமழை இடியோடு வரும். மேல் மலைகளில் ஒதுங்க மரம் கிடையாது, வெறும் புல்வெளி. மின்னல் அடிக்கிற நேரத்தில் அங்கே நின்றுகொண்டிருக்கக் கூடாது.

பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிலா வெளிச்சம் கிடைக்கும் என்பது உண்மைதான். அதற்காக டார்ச் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். கீழ் மலைகளில் மரத்தடியில் நிலா எட்டிப் பார்ப்பதே இல்லை.

யார் போகலாம், யார் யோசிக்க வேண்டும்

இதை நான் நீட்டித்தான் எழுதப்போகிறேன். 2024 சீசனில் மூச்சுத்திணறியும் மாரடைப்பாலும் பலர் இந்த மலையிலேயே இறந்தார்கள். வயதானவர்கள் மட்டும் இல்லை. இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா இருக்கிறவர்கள் டாக்டரைப் பார்க்காமல் புறப்படக் கூடாது. நாற்பது தாண்டி, வருஷக்கணக்காக மாடிப்படியே ஏறாமல் இருக்கிறவர்களும் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. காய்ச்சல் விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றால் அந்த வருஷம் வேண்டாம்.

பெண்கள் விஷயம்: பத்து வயதிலிருந்து ஐம்பது வயது வரை உள்ள பெண்கள் மலை ஏறுவதில்லை என்பது இங்கே நெடுநாள் வழக்கம். குடும்பத்தோடு வருகிறவர்கள் இப்போதைய நடைமுறை என்ன என்று பூண்டி கோயிலில் கேட்டுக்கொண்டு திட்டம் போடுங்கள். அடிவாரக் கோயிலுக்கு எல்லோரும் எப்போதும் வரலாம்.

ஒரு மாதம் முன்னாலிருந்து

பழக்கம் வேண்டும். கோவைக்காரர்களுக்கு மருதமலை இருக்கிறது, 800க்கு மேற்பட்ட படிகள். வாரத்துக்கு மூன்று நாள் காலையில் ஏறி இறங்குங்கள். முக்கியமாக இறங்குங்கள். ஏறிவிட்டு பஸ்ஸில் இறங்குகிற பழக்கம் வெள்ளியங்கிரிக்கு உதவாது. மருதமலையை நிற்காமல் மூன்று சுற்று ஏறி இறங்கி, மறுநாள் தொடை வலிக்காமல் வேலைக்குப் போக முடிந்தால் நீங்கள் தயார். வெளியூர்க்காரர்களுக்கு அடுக்குமாடிப் படிக்கட்டே போதும்.

விரதம் அவரவர் வழக்கம். சிலர் மாலை போட்டுக்கொள்வார்கள், சிலர் ஒரு வாரம் அசைவம் விடுவார்கள். ஆனால் ஏறுகிற நாளில் பட்டினி கிடக்காதீர்கள்.

பையில் என்ன

பை தோளில் மாட்டுகிறதாக இருக்கட்டும். இரண்டு கையும் காலியாக வேண்டும், ஒரு கைக்குத் தடி வரப்போகிறது. எடையைத் தூக்கிப் பார்த்து, "இது ஒண்ணும் கனமில்லை" என்று தோன்றினால் அதில் பாதியை எடுத்து வெளியே வையுங்கள்.

தண்ணீர் இரண்டு லிட்டர். வழியில் சுனைகள் உண்டு, ஆனால் கோடையில் ஊற்று சுருங்கிவிடும். ஓஆர்எஸ் நாலு பாக்கெட், அல்லது உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு போனால் வியர்வையில் உப்பு போய்க் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். சாப்பிட பேரீச்சம்பழம், கடலைமிட்டாய், ஆரஞ்சு, நெல்லிக்காய். நெல்லிக்காயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் தொண்டை வறட்சி போகும், எங்கள் ஐயன் சொல்லிக்கொடுத்தது. இலையில் கட்டிய புளிசாதம் ஒரு பொட்டலம் இறங்கும்போது அமிர்தமாக இருக்கும். சீசனில் பாதையோரம் சுக்குக்காபி, சோடா கடைகள் போடுவார்கள். இருந்தால் குடியுங்கள், இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

தலையில் மாட்டுகிற டார்ச் ஒன்று, புது பேட்டரி போட்டு. செல்போன் வெளிச்சம் ஆகாது. கையை அடைக்கும், ரெண்டு மணி நேரத்தில் போனும் போய்விடும். மேலே சிக்னலை நம்ப முடியாது, அவசரத்துக்குக் கொஞ்சம் சார்ஜ் மிச்சம் இருக்க வேண்டும்.

குல்லா, காற்றைத் தடுக்கிற ஒரு ஜாக்கெட், மாற்று பனியன் ஒன்று. இந்த மாற்று பனியனைப் பலரும் விட்டுவிடுவார்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

செருப்பா ஷூவா? வெறுங்காலோடு ஏறுகிறவர்கள் நிறைய. சின்ன வயதிலிருந்து காட்டில் நடந்த கால்கள் அவை. உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லையென்றால் அன்றைக்கென்று ஆரம்பிக்காதீர்கள். அடியில் பிடிப்பு உள்ள, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ போதும். புது ஷூ வேண்டவே வேண்டாம். ரப்பர் செருப்பு மூன்றாவது மலைக்குள் வார் அறுந்துவிடும்.

பிளாஸ்டிக் கூடாது. பாதை தொடங்கும் இடத்தில் வனத்துறை ஆட்கள் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட், மிக்சர் எல்லாவற்றையும் கவரிலிருந்து எடுத்துக் காகிதத்தில் கொட்டச் சொல்வார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்கிக்கொள்வார்கள், இறங்கி வந்து பாட்டிலைக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். வீட்டிலேயே துணிப்பையிலும் காகிதத்திலும் கட்டிக்கொண்டு வந்தால் அந்த வரிசையில் அரைமணி நேரம் மிச்சம். பீடி, சிகரெட், தீப்பெட்டி, சரக்கு எதுவும் ஆகாது. காய்ந்த புல்வெளியில் ஒரு பொறி என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பூண்டியில்

கோவையிலிருந்து பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம், செம்மேடு வழியாகப் பூண்டி. சீசனில் காந்திபுரத்திலிருந்து பஸ் உண்டு. சொந்த வண்டியில் வருகிறவர்கள் இருட்டுப்பள்ளம் தாண்டியதும் வேகத்தைக் குறையுங்கள். ராத்திரியில் யானை ரோட்டைக் கடக்கும். பூண்டி கோயில் வளாகத்துக்குள்ளேயே சாப்பாட்டு வாசத்துக்கு யானை வந்த கதைகள் உண்டு. யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், லைட்டை அதன் முகத்தில் அடிக்காமல், தள்ளி நின்று அது போகும்வரை காத்திருங்கள். இறங்கிப் போட்டோ எடுக்கிறவர்களைப் பற்றி எழுதினால் எனக்குக் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

கீழே சாமியைக் கும்பிட்டு, அன்னதானம் இருந்தால் அளவாகச் சாப்பிட்டு, கழிப்பறை வேலைகளை முடித்துக்கொள்ளுங்கள். மேலே வசதி எதுவும் இல்லை. அப்புறம் தடி வாங்குங்கள். அடிவாரக் கடைகளில் மூங்கில் தடி கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். தரையில் ஊன்றினால் உங்கள் நெஞ்சு உயரம் வர வேண்டும். அழுத்திப் பாருங்கள், வளையக் கூடாது. கணு நெருக்கமாக உள்ளதாக எடுங்கள். "எனக்கெதுக்குத் தடி, நான் என்ன கிழவனா" என்று விட்டுப்போகிறவன் இறங்கும்போது அடுத்தவன் தடியைக் கடன் கேட்பான்.

பெரும்பாலோர் ராத்திரியில் ஏறுவார்கள். வெயில் இல்லை, விடியலை உச்சியில் பார்க்கலாம். ஏறும் நேரத்துக்கு வனத்துறை வைக்கும் கட்டுப்பாடு மாறிக்கொண்டே இருக்கும், அதைக் கேட்டுக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். மார்ச்சில் சூரியன் ஆறரை வாக்கில் வரும். புதியவர்களுக்கு ஏற ஆறு மணி நேரம் வையுங்கள். பன்னிரண்டுக்குள் கிளம்பினால் சரியாக இருக்கும். எட்டு மணிக்கே கிளம்பி இரண்டு மணிக்கு உச்சியில் போய் உட்கார்ந்தால் விடியும்வரை பல் அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஏழு மலை

முதல் மலைதான் மலை. நான் சொல்வதில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வையுங்கள். ஒழுங்கில்லாத கல்படிகள், ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். வளைவே இல்லாமல் நேராக மேலே போகும். உடம்பு இன்னும் சூடாகவில்லை, மனசு மட்டும் சூடாக இருக்கும். என் முதல் தடவையில் சித்தப்பா பையன்களோடு பந்தயம் கட்டிக்கொண்டு இந்த மலையை ஓடி ஏறினேன். வெள்ளை விநாயகர் கோயிலில் மற்றவர்களுக்காகக் காத்திருந்து பெருமையடித்துக்கொண்டேன். நாலாவது மலையில் இரண்டு தொடையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டன. காலை மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், எழுபது வயதிருக்கும், உப்பை என் உள்ளங்கையில் கொட்டி நக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "மொத மலையில என்னைத் தாண்டி ஓடுனது நீதானே கண்ணு?" நான் அங்கிருந்தே திரும்பினேன். அவர் மேலே போனார்.

ஆகையால் முதல் மலையில் பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் ஏறுங்கள். பேச்சு திணறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். ஐம்பது படிக்கு ஒரு முறை நில்லுங்கள். உட்காராதீர்கள், தடியில் சாய்ந்து நின்றபடியே மூச்சு வாங்குங்கள். குழுவில் யார் மெதுவோ அவரை முன்னால் விடுங்கள்.

இரண்டாவது, மூன்றாவது மலைகளில் வழுக்குப்பாறை, பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை எல்லாம் வரும். கைதட்டினால் தண்ணீர் சுரக்கும் என்பது நம்பிக்கை. நான் போன போதெல்லாம் எனக்கு முன்னால் யாராவது தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். வழுக்குப்பாறையில் பாதத்தை முழுசாக வையுங்கள், நுனிக்காலில் நடந்தால் சறுக்கும். பனி இறங்கிய ராத்திரியில் இன்னும் கவனம். நாலாவது மலையில் ஒட்டன் சமாதி.

ஐந்தாவது மலையில் ஏற்றம் இளகும். மரங்கள் குறைந்து புல்வெளி விரியும். பீமன் களியுருண்டை என்கிற பெரிய உருண்டைப் பாறை இங்கேதான். பஞ்சபாண்டவர் வந்தபோது பீமன் உருட்டி வைத்த களி என்பார்கள். களி தின்ற ஊர்க்காரர்களுக்கு அந்தக் கதையை நம்புவதில் சிரமம் இல்லை.

அந்த மாற்று பனியன் இப்போதுதான். 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். அதோடு புல்வெளியில் காற்றைத் தடுக்க எதுவுமில்லை. நாலு மலை ஏறிய வியர்வையில் பனியன் பிழிகிற மாதிரி நனைந்திருக்கும். அதன்மேல் இந்தக் காற்று பட்டால் ஐந்தே நிமிடத்தில் உடம்பு வெடவெடக்கும். திறந்த வெளிக்கு வருவதற்கு முன்பே, மரங்களின் மறைவில் நின்று ஈர பனியனைக் கழற்றி, துடைத்து, காய்ந்ததை மாட்டி, ஜாக்கெட்டைப் போட்டு, குல்லாவைக் காதுவரை இழுத்துவிடுங்கள். நடுங்க ஆரம்பித்தபின் மாற்றுவது பாதி பலன்தான்.

ஆறாவது மலையில் இறக்கமும் உண்டு. ஏறிவந்த உயரத்தை இழக்கிறோமே என்று வயிறெரியும். சேத்திழைக் குகையும் ஆண்டிச் சுனையும் இங்கே. சுனையில் குளித்துவிட்டு உச்சிக்குப் போவது வழக்கம். தண்ணீர் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். விடியுமுன் தலைமுழுக வேண்டும் என்று கட்டாயமில்லை. கை கால் முகம் கழுவினால் சாமி கோபிக்காது. குளிர்ந்த தண்ணீரில் சட்டென இறங்குவது இதயத்துக்குப் பெரிய அதிர்ச்சி, வயதானவர்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

ஏழாவது, சுவாமி முடி மலை. களைப்பின் உச்சத்தில் செங்குத்தான ஏற்றம். எதிரே இறங்கி வருகிறவர்களிடம் "இன்னும் எவ்ளோ தூரம் சாமி?" என்று கேட்பீர்கள். "அஞ்சே நிமிஷம் சாமி, வந்தாச்சு" என்பார்கள். அது பொய். நீங்கள் இறங்கும்போது அதே பொய்யை அடுத்தவருக்குச் சொல்வீர்கள். இந்த மலையில் எல்லோரும் சாமிதான், பேரும் ஊரும் யாரும் கேட்பதில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறை இடுக்குக்குள் போய்த் தரிசனம். கூட்ட நாளில் சில நொடிதான் கிடைக்கும். வெளியே வந்து காற்று படாத பாறை மறைவில் உட்காருங்கள். பொழுது விடிந்ததும் கேரளப் பக்கம் மேகத்துக்கு அடியில் சிறுவாணி அணை நீர் தெரியும். கோவைக்காரர்கள் நம் வீட்டுக் குழாய் இங்கிருந்துதானே வருகிறது என்று ஒரு நிமிடம் பார்ப்பார்கள். விளிம்பில் நின்று செல்ஃபி வேண்டாம், காற்று ஆளைத் தள்ளும்.

உடம்பு சொன்னால் கேளுங்கள்

நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வியர்வை, கண் இருட்டல், நின்றபிறகும் அடங்காத மூச்சிரைப்பு. இதில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே உட்காருங்கள். "வாயுத் தொல்லைதான், ஏறினா சரியாயிடும்" என்று யார் சொன்னாலும் எழுந்திருக்காதீர்கள், தனியாக இறங்கவும் கூடாது. உடன் வந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, இன்னொருவர் கீழே சொல்லி அனுப்பட்டும். டோலி கட்டித் தூக்கி இறக்குவார்கள், ஆனால் அதற்கு மணிக்கணக்கில் ஆகும். அதனால்தான் சந்தேகம் வந்த முதல் நிமிடத்திலேயே உட்காரச் சொல்கிறேன். தனியாகப் போகாதீர்கள் என்பதும் இதற்காகத்தான். குறைந்தது மூன்று பேர்.

பாதியில் திரும்பினால் பாவம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். நான் நாலாவது மலையோடு திரும்பியவன். அடுத்த வருஷம் ஆண்டவர் ஏழாவதில் அப்படியேதான் இருந்தார்.

இறக்கம்

ஏறுவதைவிட இதுதான் வேலை. ஏறும்போது மூச்சு கெடும், இறங்கும்போது முழங்கால் கெடும். ஒவ்வொரு படிக்கும் மொத்த எடையையும் முன்தொடை தாங்கிப் பிடிக்கிறது. மூன்றாவது மலைக்கு வரும்போது நிற்கும் இடத்திலேயே கால் தையல் மெஷின் மாதிரி ஆட ஆரம்பிக்கும். தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, எடையை அதில் போட்டு, அப்புறம் காலை வையுங்கள். உயரமான படிகளில் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். குதிக்கவே கூடாது, கணுக்கால் சுளுக்குகள் எல்லாம் கடைசி இரண்டு மலையில் குதித்தவர்களுக்குத்தான். ஏழரை மணிக்குள் உச்சியை விட்டுக் கிளம்பிவிட்டால் உச்சி வெயில் ஏறுவதற்குள் பெரும்பாதி இறங்கிவிடலாம். இறங்க நாலு, ஐந்து மணி நேரம் ஆகும்.

கீழே வந்ததும் பாட்டில் முன்பணத்தை வாங்கிக்கொண்டு, உட்காராமல் பத்து நிமிடம் சமதளத்தில் நடங்கள். ராத்திரி முழுக்கத் தூங்காத ஆள் வண்டி ஓட்டக் கூடாது. மலைக்கு வராத ஒருவரை டிரைவராக ஏற்பாடு செய்யுங்கள், அல்லது நிழலில் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டுக் கிளம்புங்கள். மலை தாங்கிய உடம்பு செம்மேடு தாண்டி ஸ்டீரிங்கில் கண் அசந்துவிடும்.

மறுநாள் மாடியிலிருந்து பின்பக்கமாகத்தான் இறங்க முடியும், பயப்பட வேண்டாம், மூன்று நாளில் சரியாகும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, மெதுவாக நடந்துகொண்டே இருங்கள். முழங்கால் வீங்கியிருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

தடியை என்ன செய்வது என்றும் கேட்பார்கள். சிலர் பூஜையறையில் வைத்துக் கும்பிடுவார்கள், சிலர் அடிவாரத்திலேயே ஏறுகிறவர் கையில் கொடுத்துவிட்டு வருவார்கள். எங்கள் வீட்டில் என்னுடையது நாலைந்து சேர்ந்துவிட்டது. ஒன்றின் நுனியில் அம்மா அரிவாள் கட்டி முருங்கைக்காய் பறிக்கிறார்.